பூசணம் பிடிக்காத ஏடு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த அன்று, லோரியிலிருந்து சாமான்கள் பாதிகூட இறங்கவில்லை, எதிர்வீட்டுக் கதவு திறந்து ஓர் அம்மா வெளியே வந்தார். வெள்ளைக் காட்டன் சட்டை, முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, காதோரம் வெட்டிவிட்ட நரைமுடி. பெயரைக் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. எங்கள் வாசலில் நின்று, கண்ணை மூடி, தலையைச் சற்றே தூக்கி மூச்சை உள்ளே இழுத்தார்.

"பிள்ளை, சோபாவை அந்தச் சுவரோட போடாதே. உள்ளுக்கு ஈரம் ஊறியிருக்கு" என்றார்.

சுவர் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரர் அப்போதுதான் சாயம் அடித்துக் கொடுத்திருந்தார். நான் சிரித்து வைத்தேன். என் கணவர், "எதிர்வீட்லயே ஒரு கேஸ் இருக்கு லா" என்று காதோரம் சொல்லிவிட்டு சோபாவை அந்தச் சுவரோடுதான் போட்டார். மழைக்காலம் வந்தது. சாயம் உப்பி உரிந்து, பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதை எங்கே வைப்பதானாலும் எதிர்க்கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தோம்.

எங்கள் மாடியில் அவருக்கு 'மூக்கு ஆன்டி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டோம். ஆனாலும் அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. தீபாவளிக்கு அவர் வருகிறார் என்றால் பெண்கள் அவசரமாக முறுக்கு டின்னை மாற்றுவார்கள். மூடியைத் திறக்கும் முன்பே "இது பழைய எண்ணெய்" என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு அதே முறுக்கை எடுத்துத் தின்பார், அது வேறு விஷயம். ஒரு நாள் லிஃப்டில் டை கட்டிய ஒருவரிடம், "உங்கட குடையைக் காய வைக்காமல் மடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டார். அந்த மனிதர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில், கண்ணாடித் தட்டுகளில் பூசணத்தை வளர்த்து இது இன்ன வகை என்று எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்து வம்சம். எங்களோடு எங்கள் பேச்சையே பேசுவார், ஆனாலும் நடுநடுவே 'என்ர', 'எண்டு', நன்றாக என்பதற்கு 'வடிவா', ஆமாம் என்பதற்கு 'ஓம்' எல்லாம் வந்துவிடும், மனம் கலங்கினால் இன்னும் கூடும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் ஏதாவது சொந்தக் கதை கேட்டால் பேச்சை ஏட்டின் பக்கம் திருப்பிவிடுவார்.

ஏடு என்று நான் சொல்வது அவர் படுக்கையறையில் இருந்த பனையோலைக் கட்டு. அறையின் நடுவே, எந்தச் சுவரும் படாமல் ஒரு மேசை. மேசைமேல் மரப்பெட்டி. பெட்டிக்குள் அது. அவருடைய கட்டில் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும். அவர் பாட்டனார் ரயில்வே குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தபோது டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அந்தப் பாட்டனாருக்கும் பாட்டனார் ஒருவர் எழுத்தாணியால் கீறியதாம். முழுக்க மாட்டு வைத்தியம். மாடு கழிந்தால் என்ன கொடுப்பது, கன்று போட்ட மாடு தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன செய்வது, கொம்படியில் புழு வைத்தால் எதை அரைத்துக் கட்டுவது, எல்லாம் செய்யுளாக.

"ஆன்டி, பிரிக்பீல்ட்ஸ்ல எந்த மாட்டுக்கு மருந்து குடுக்கப் போறீங்க?" என்று ஒருமுறை சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "மாட்டுக்கு இல்லைப் பிள்ளை. ஒரு மனுசன் தனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. இவ்வளவு காலம் இருந்திட்டு, என்ர கையில வந்து பூசணத்துக்குப் போச்செண்டு இருக்கக் கூடாது" என்றார்.

இந்த ஊர் ஈரம் எங்களுக்கே ஆகாது, ஓலைக்கு எப்படி ஆகும்? செருப்பு அலமாரியைத் திறந்தால் செருப்பில் பூசணம், கல்யாணப் புடவையைப் பிரித்தால் மடிப்பில் பூசணம். பெரிய நூலகங்களில் மருந்துப் புகை போட்டுப் பூசணத்தைக் கொல்வார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மருந்துகளோடு பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால் தன் ஏட்டுக்கு அதை அண்டவிடமாட்டார். ஓலையை இலையும் வேரும் பட்டையும் காப்பாற்றும் என்பது அவர் கட்சி. சனிக்கிழமை காலையில் என் காரில் செலாயாங் பாசாருக்குப் போவோம். எலுமிச்சைப் புல்லை நாங்கள் செராய் என்போம். கறிக்குப் போடும் செராய் இதற்கு உதவாது, தண்டு சிவந்த வாசனைச் செராய்தான் வேண்டும். ஒவ்வொரு கட்டாக எடுத்து முகர்ந்து பார்த்து, பாதியைத் திருப்பி வைப்பார். கடைக்காரர் அவரைக் கண்டதும் மேலே இருப்பதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து உருவிக் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்து செராயை நறுக்கிக் குக்கரில் போட்டு, விசில் வாயில் ரப்பர் குழாய் மாட்டி, குழாயை ஐஸ் வாளிக்குள் சுற்றி, மறுமுனையில் ஒரு குப்பியை வைப்பார். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீரின்மேல் மெல்லிய மஞ்சளாய் எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துக் கொஞ்சம் வேப்பெண்ணெயோடு கலந்து, பஞ்சில் தொட்டு ஓலை ஓலையாகத் தடவி, மறு பஞ்சால் துடைத்தும் எடுத்துவிடுவார். பெட்டியின் மூலைகளில் வசம்பும் கிராம்பும் கருஞ்சீரகமும் போட்ட துணி முடிச்சுகள். இதையெல்லாம் நாளும் தேதியும் பார்த்துச் செய்யமாட்டார். பெட்டியைத் திறந்து முகர்வார், அவ்வளவுதான் கணக்கு.

"செராய் முன்னுக்கு வந்தா கை வைக்கக் கூடாது. செராய் பின்னுக்குப் போய் ஓலை மணம் முன்னுக்கு வந்தா, அப்ப தடவலாம்."

"அதிகமா தடவிட்டா என்ன ஆன்டி?"

"ஒண்டோட ஒண்டு ஒட்டிப் பிடிச்சிடும். பிறகு பிரிக்கேலாது. பூசணத்தைவிட மோசம்."

அப்படியானால் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யக் கூடாதா என்று கேட்டேன். மழை பெய்கிற மாதம் ஒரு மாதிரி, வெயில் மாதம் ஒரு மாதிரி, நாட்காட்டிக்கு என்ன தெரியும் என்றார். கண்ணையும் அவர் நம்பமாட்டார். பூசணம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பாதியைத் தின்று முடித்திருக்கும், அது வரப்போவது மூக்குக்குத்தான் தெரியும் என்பார்.

அது பொய்யில்லை என்று நானே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் வீடு கிள்ளானில். அங்கே கோயிலையொட்டி ஒரு வாசகசாலை உண்டு. ஒருமுறை ஆன்டியை அங்கே அழைத்துப் போனேன். பழைய புத்தகங்களைக் காட்டிய செயலாளர், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். ஆன்டி கண்ணை மூடிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். கையை நீட்டி ஒரு புத்தகத்தை உருவினார். அதன் பின்னட்டையிலும், அதற்குப் பின்னாலிருந்த பலகையிலும் சாம்பல் பூத்தது போலப் பூசணம். செயலாளர் அந்தத் தட்டு முழுவதையும் இறக்கிவைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அவருக்கு ஆன்டியின் மூக்கு வேண்டும்.

ஏட்டைப் போனில் படம் எடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஓலையில் கீறல்தான் இருக்கிறது, மை எப்போதோ போய்விட்டது. மை பூசித் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து எடுத்தால்தான் எழுத்துத் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஏடுகளை ஆராயும் பெண் ஒருத்தி இதைச் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, நாளும் குறித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நோய் வந்து நாடு முழுவதும் கதவைச் சாத்தியது.

ஆன்டிக்கும் நோய் வந்தது. வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நான் கதவடியில் கஞ்சி வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடிவருவேன். ஒருவழியாக எழுந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார், மற்றபடி ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு எங்கள் மாடியில் செராய் வாடை கூடிற்று. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகப் போக, லிஃப்ட் கதவு திறந்ததுமே முகத்தில் அறைந்தது. காயப்போட்ட துணியில் செராய், சோற்றில் செராய். என் கணவரின் ஆபீசில், "என்ன போஸ், கொசு மருந்தைப் போட்டுக் குளிக்கிறீங்களா?" என்று கேட்டார்களாம். கொரிடோர் கடைசி வீட்டுச் சீனத்து அக்கா நிர்வாகத்திடம் புகார் சொல்லிவிட்டார்.

"ஆன்டி, நம்ம மாடிக்குக் கொசுகூட வர்றதில்ல. கொஞ்சம் ஓவரா போச்சு லா" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன்.

"அப்படியோ? வடிவாத் தெரியுதோ? இங்க வரைக்கும் மணக்குதோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த முகத்தில் இருந்த ஆசை எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே வா என்று அழைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எனக்குக் குமட்டியது. பால் கெட்டுப்போயிருந்தது. லேசாகத் திரிந்த பால் இல்லை, நாள்பட்டு நாறிய பால். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஆன்டி தன் கோப்பையில் பாதியைக் குடித்திருந்தார். அடுத்த வாயையும் நிதானமாகக் குடித்தார்.

மற்றவர் வீட்டு முறுக்கு டின்னுக்குள் இருக்கும் பழைய எண்ணெயைக் கண்டுபிடிக்கிறவர்.

நான் எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "ஆன்டி, பால் கெட்டுப்போச்சு" என்றேன்.

கோப்பையை மேசையில் வைத்தார். அதைத் தூர நகர்த்தினார்.

"ஒருத்தரிட்டயும் சொல்லாதே பிள்ளை" என்றார். "காய்ச்சல் விட்ட அன்றைக்கே போயிட்டுது. வரும் வரும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒண்டும் வரேல்லை. பினாயிலைத் திறந்து மூக்குக்குள்ள பிடிச்சுப் பார்த்தன். தண்ணி மாதிரி இருக்கு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து அறைக்குள் போனார். மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துத் திறந்தார்.

"நீ மணந்து பார்."

குனிந்தேன். செராய் மண்டைக்குள் ஏறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"செராய்தான் ஆன்டி. பயங்கரமா இருக்கு. போதும், இனிமே தடவாதீங்க."

"அது மேலுக்கு. அதுக்குக் கீழ என்ன இருக்கு? ஈரத் துணி மாதிரி, பழைய ரொட்டி மாதிரி ஏதும் வருதோ? வடிவாப் பார் பிள்ளை."

"எனக்குத் தெரியல ஆன்டி."

"இன்னொருக்கா."

மறுபடி குனிந்தேன், மறுபடியும் செராய்தான். இல்லை என்று சொன்னால் அவர் நம்பமாட்டார், ஆமாம் என்று சொன்னால் உயிரே போய்விடும். அன்றைக்கு எத்தனை தடவை குனிந்தேனோ தெரியாது. ஏன் இவ்வளவு தடவியிருக்கிறீர்கள் என்று அழமாட்டாத குறையாகக் கேட்டேன். பெட்டியைத் திறந்தால் செராய் மணக்கவில்லை, மணக்காவிட்டால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்றார். மூக்கு போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பெட்டியைத் திறக்கும்போது அந்த மூக்கு சொல்வதைத்தான் நம்பினார். ஆயுள் முழுக்க அது சொன்னபடி நடந்தவருக்கு வேறு எதை நம்புவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் எழுந்ததும் கிராம்பு, காப்பித்தூள், கற்பூரம், எலுமிச்சைத்தோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சிறு கிண்ணங்களில் வைத்து ஒவ்வொன்றாக முகர்வார். மூக்கைப் பழக்கினால் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னாராம். ஒன்றும் திரும்பி வரவில்லை. அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டி மடிக்கு வந்தது. கேஸ் தோங் சிலிண்டர் மாற்ற வந்தவர், மீட்டர் பார்க்க வந்தவர், பார்சல் கொண்டுவந்த மலாய்க்காரர், எல்லோரும் ஒரு முறையாவது அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டார்கள். அந்த மலாய்க்காரர் பணிவாகக் குனிந்து முகர்ந்துவிட்டு, "வாங்கி, மாக்சிக்" என்றார். வாசனையாக இருக்கிறது ஆன்டி என்று மலாயில் பாராட்டினார். ஆன்டி அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, உடனே பஞ்சை எடுத்தார்.

நான் கத்தியிருக்கிறேன். எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மறுநாளே குக்கர் மூடியை மாட்டும் சத்தம் கேட்கும்.

"நீங்கதானே சொன்னீங்க, அதிகமா தடவினா ஒட்டிக்கும்னு. இப்ப நீங்களே ஊத்துறீங்க."

"ஒட்டினா நான் பிரிப்பன். பூசணம் திண்டா என்னத்தைப் பிரிக்கிறது? உனக்குத் தெரியாது பிள்ளை. நான் அதை வளர்த்தவள். சத்தம் போடாது. உள்ளுக்கை இருந்து தின்னும். இப்பவும் தின்னுதோ என்னவோ."

ஏட்டை யாரிடமாவது கொடுத்து வைக்கலாம் என்றேன். மூக்கில்லாதவள் என்று தெரிந்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அவ்வளவு வயதான மனுஷி அப்படிக் கேட்டபோது எனக்கு எரிச்சலும் பரிதாபமும் ஒன்றாக வந்தன.

கிள்ளான் வாசகசாலைச் செயலாளர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். மழைக்காலம் வரப்போகிறது, ஆன்டி வந்து ஒரு நடை பார்த்துவிட்டுப் போகவேண்டும். ஆன்டி முதலில் கால்வலி என்றார், பிறகு தலைசுற்றல் என்றார். கடைசியில் தட்டமுடியாமல் என்னோடு காரில் ஏறினார்.

செயலாளர் வாசலிலேயே காத்திருந்தார். ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதே மாதிரி கண்ணை மூடினார், அதே மாதிரி தலையைத் தூக்கினார், அலமாரிகளுக்கு நடுவே அதே மெதுநடை. ஓர் இடத்தில் நின்றார். கையை நீட்டி ஒரு புத்தகத்தை உருவினார்.

செயலாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "கண்ணுக்கு ஒன்னும் தெரியல ஆன்டி. உங்க மூக்குக்குத்தான் தெரியுது" என்று பயபக்தியோடு சொல்லி, அந்த நல்ல புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியே வைத்தார். பின்வரிசைக் கடைசித் தட்டுப் பக்கம் எனக்கே ஏதோ ஈரவாடை அடித்தது. அந்த இடத்தை ஆன்டி நிற்காமல் கடந்து போயிருந்தார். ஆன்டி தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போனபிறகு, செயலாளரை அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். காரில் ஏறியபோது ஆன்டி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வீடு வந்து சேரும்வரை அழுதார்.

அதற்கப்புறம்தான் பல்கலைக்கழகப் பெண்ணை வரச்சொல்ல ஒப்புக்கொண்டார். அவள் வந்த அன்று நான் லீவு போட்டேன். ஆன்டி கூடத்து மேசையைத் துடைத்து வெள்ளைத்துணி விரித்திருந்தார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தார். அந்தப் பெண் வாசலில் நுழைந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். ஆன்டி பார்த்துவிட்டாரே என்று சட்டென்று எடுத்தும் விட்டாள்.

கயிற்றை அவிழ்த்தாள். ஓலை ஓலையாக விரியவேண்டிய கட்டு, நமுத்துப்போன அப்பளக் கட்டு மாதிரி ஒரே பாளமாக எழும்பி வந்தது. ஓரங்களில் பிசின் போல எண்ணெய் இறுகியிருந்தது. அவள் கையுறை மாட்டி, மெல்லிய தட்டையான கருவி ஒன்றை மேல் ஓலைக்கு அடியில் மிக மெதுவாகச் செருகினாள். ஓலை அசைந்தது. இன்னும் கொஞ்சம். எழும்பியது. கூடவே கீழ் ஓலையின் தோலும் உரிந்து வந்தது. உரிந்த தோலில் அந்தப் பாட்டனார் கீறிய எழுத்துகள் இருந்தன, துண்டு துண்டாக.

"நிப்பாட்டு" என்றார் ஆன்டி.

அவள் நிறுத்திவிட்டாள். கருவியைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் போட்டீங்க ஆன்டி?"

"தேவைப்பட்ட நேரம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். சொல்லாதே என்று கேட்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் வாயால் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. கேட்டது வேறு.

"பூசணம் பிடிச்சிருக்கோ? எவ்வளவு தூரம் திண்டிருக்கு?"

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். கட்டின் நான்கு பக்கமும், உரிந்த தோலும், பெட்டியின் மூலைகளும் எல்லாம் பார்த்தாள். நல்ல பெண், அவசரப்படவில்லை. ஆன்டி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல ஆன்டி. ஒரு புள்ளிகூட இல்ல. பூசணமே அண்டாம பாதுகாத்திருக்கீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆன்டி நாற்காலியில் அப்படியே இருந்தார். "ஒரு புள்ளி கூட" என்று அவள் சொன்னதையே மெதுவாகச் சொன்னார். பிறகு இன்னொரு முறை சொன்னார். இத்தனை நாளும் எதற்குப் பயந்து அத்தனை எண்ணெயையும் தடவினாரோ அது வரவே இல்லை. நான் அவர் தோளைத் தொட்டேன். உடம்பு சில்லென்று இருந்தது.

பாளத்தை அந்தப் பெண் பெட்டியோடு கொண்டுபோனாள். ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்ப்பதாகவும், மேலே உள்ள சில ஓலைகள் ஒருவேளை பிரியலாம் என்றும் சொன்னாள். நடுவில் இருப்பவை என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. ஆன்டி லிஃப்ட்வரை கூடப் போய், பெட்டியைச் சாய்க்காமல் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தார். படுக்கையறை நடுவில் வெறும் மேசை நின்றது. அவர் கட்டிலை நகர்த்தவில்லை. கொரிடோரில் செராய் வாடை மெல்ல மெல்ல இறங்கி, ஒரு நாள் இல்லாமலே போயிற்று. சீனத்து அக்கா எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஆன்டியின் தம்பி மகள் செமினியில் இருக்கிறாள். தனியே விட்டுவைக்கக் கூடாது என்று வந்து அழைத்துப் போனாள். போகிற அன்று காலையில் ஆன்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். முதல்நாள் நின்ற அதே இடம். பழக்கதோஷம், தலையைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு தூக்கியது தெரிந்து குனிந்துகொண்டார்.

"அந்தச் சுவர் இப்ப எப்படி இருக்குப் பிள்ளை?"

நோய்க்காலத்தில் எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க மேசை போட்டதில், சோபா மறுபடியும் அந்தச் சுவருக்கே போயிருந்தது. அந்த வருட மழைக்கு சோபாவின் பின்னால் சுவர் முழுக்கக் கறுத்து, கூடத்தில் கால் வைத்தால் பூசண வாடை. வருகிறவர்கள் எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

"காஞ்சிருக்கு ஆன்டி" என்றேன்.

அவர் உள்ளே வந்தார். சோபாவின் முதுகில் ஒரு கையை ஊன்றி, சுவர்ப்பக்கம் சாய்ந்து, கண்ணை மூடினார். மூச்சை நீளமாக உள்ளே இழுத்தார். அந்த வாடை நான் நின்ற இடத்திலேயே அடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு முறை இழுத்தார்.

"ஓம்" என்றார். "இப்ப ஈர மணம் இல்லை."

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். கீழே தம்பி மகள் ஹார்ன் அடித்தாள்.